கையெழுத்திடாத பன்னிருவர்

1931 நவம்பரில் இத்தாலியப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு அவரவர் ரெக்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நேரில் வந்து உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்றது கடிதம். உறுதிமொழி அவர்களுக்குப் புதிதில்லை. அரசருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன், சாசனத்தையும் சட்டங்களையும் மதிப்பேன் என்று ஏற்கெனவே சொல்லி வேலை பார்த்து வந்தவர்கள்தான். இந்த முறை அந்தப் பழைய வாசகத்தின் நடுவே, அரசருக்குப் பக்கத்தில், ‘பாசிச ஆட்சிக்கும்’ என்று சேர்த்திருந்தார்கள். மாணவர்களைத் தாய்நாட்டின் மீதும் பாசிச ஆட்சியின் மீதும் பற்றுள்ளவர்களாக உருவாக்குவேன் என்று இன்னொரு வரியிலும் அதே சேர்க்கை. மற்றபடி தாள் பழைய தாள்தான்.

நாடு முழுவதும் சுமார் 1,200 பேராசிரியர்கள். மறுத்தவர்கள் 12 பேர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. பொருளியலாளர் அந்தோனியோ தெ வித்தி தெ மார்க்கோ போலச் சிலர், தாள் கைக்கு வருமுன் ஓய்வு பெற்று ஒதுங்கிக்கொண்டார்கள். மீதிப் பேர் கையெழுத்திட்டார்கள்.

இந்த 12-ஐ எண்ணித்தான் உலகம் வியக்கிறது. எனக்கு அந்த 1,200 பேரைப் பற்றித்தான் அதிகம் கேட்கத் தோன்றுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பாசிசத்தை நம்பியவர்கள் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1925 மே முதல் தேதி, தத்துவவாதி பெனடெட்டோ குரோச்சே எழுதிய பாசிச எதிர்ப்பு அறிக்கையில் பகிரங்கமாகப் பெயர் கொடுத்தவர்கள் அவர்களுக்குள் பலர் இருந்தார்கள். சட்ட அறிஞர் பியரோ கலமாந்ரேய் இருந்தார். பொருளியலாளர் லூயிஜி ஐனாவ்தி இருந்தார். படுவா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் இலக்கியம் கற்பித்த கொன்செட்டோ மார்க்கேசி கம்யூனிஸ்ட். கணித மேதை துல்லியோ லெவி-சிவிதா எந்த அதிகாரத்துக்கும் அடியாள் ஆகக்கூடியவர் இல்லை; ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் எந்தக் கணிதத்தின் மேல் நிற்கிறதோ, அதை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

ஏன்? வேறு எதிலும் ஒத்துப்போகாத மூன்று தரப்பு இந்த ஒரு விஷயத்தில் ஒரே யோசனையைச் சொன்னது. நாற்காலியை விட்டுவிட்டால் அதில் பாசிசக் கட்சிக்காரன் வந்து உட்காருவான், பிள்ளைகள் அவன் கையில் சிக்குவார்கள், கையெழுத்திட்டுவிட்டுப் பாடம் நடத்து என்று ஐனாவ்தியிடம் சொன்னவர் குரோச்சே. கம்யூனிஸ்ட் தலைவர் தோலியாத்தியின் கருத்தும் அதுவே: பல்கலைக்கழகத்துக்குள் இருந்தால்தான் வேலை செய்ய முடியும். கத்தோலிக்கர்களுக்கு வத்திக்கான் நாளேடு வழி காட்டியது. ‘பாசிச ஆட்சி’ என்பதை ‘அரசாங்கம்’ என்று பொருள் கொள்ளலாம், எனவே மனச்சாட்சிக்கு உறுத்தல் வேண்டியதில்லை என்றது. தாராளவாதிக்கு ஒரு காரணம், கம்யூனிஸ்டுக்கு ஒரு காரணம், விசுவாசிக்கு ஒரு காரணம். எல்லாம் கௌரவமான காரணங்கள். அரசு யாரையும் சித்திரவதைக் கூடத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருக்கவில்லை. தாளை மேசையில் வைத்ததோடு அதன் வேலை முடிந்தது. மிச்சத்தை அவரவர் அறிவே செய்துகொடுத்தது.

அந்த யோசனை சொன்ன குரோச்சே எந்தப் பல்கலைக்கழகத்திலும் சம்பளம் வாங்கியவர் இல்லை, குடும்பச் சொத்தில் வாழ்ந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனக்குச் செலவில்லாத வீரத்தை அவர் பிறர் தலையில் கட்டவில்லை. அதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஆனாலும் அவர் சொன்ன யோசனை என்ன விலைக்குப் போனது என்பது ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த உறுதிமொழியைக் கேட்கும் திட்டத்தின் பின்னணியில் இருந்தவர் ஜொவான்னி ஜென்டிலே. குரோச்சேயின் பழைய நண்பர், தத்துவவாதி, முசோலினியின் முதல் கல்வி அமைச்சர். 1925-இல் எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்டவர்கள் இன்னும் பல்கலைக்கழகங்களில் உட்கார்ந்திருப்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர்களைத் துரத்தினால் தியாகிகள் ஆகிவிடுவார்கள். அவர்கள் கையாலேயே பழைய கையெழுத்தை அழிக்கவைக்க இந்தத் தாள் போதும். 1925-இல் ஒரு தாளில் பெயர் எழுதியவன் 1931-இல் அதற்கு நேரெதிரான இன்னொரு தாளிலும் பெயர் எழுதினால், இனி எந்தத் தாளில் அவன் பெயர் இருந்தாலும் யார் மதிப்பார்கள்? நம்பச் சொல்லித் தாள் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்பாதவன் நம்புவதாகச் சொல்ல வேண்டும், அதை அவன் பக்கத்து அறைக்காரன் பார்க்க வேண்டும். அவ்வளவு போதும்.

மறுத்தவர்கள் யார் யார்? ரோம் பல்கலைக்கழகத்தில் நான்கு பேர்: கணிதர் விட்டோ வோல்டெரா, பண்டைய வரலாற்றாசிரியர் கயெடானோ தெ சாங்டிஸ், அரபு-எபிரேய அறிஞர் ஜோர்ஜோ லெவி தெல்லா வீதா, திருச்சபையால் விலக்கிவைக்கப்பட்ட பாதிரியாரும் கிறித்துவ வரலாற்று ஆய்வாளருமான எர்னெஸ்டோ புவோனயூட்டி. தூரினில் மூன்று பேர்: சட்டம் கற்பித்த பிரான்செஸ்கோ ருஃபினி, கலை வரலாற்றாசிரியர் லியோனெல்லோ வெந்தூரி, சட்ட மருத்துவர் மாரியோ கராரா. மிலானில் தத்துவவாதி பியரோ மார்ட்டினெட்டியும் சட்டப் பேராசிரியர் ஃபாபியோ லுசாட்டோவும். பொலோஞாவில் அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்த்தோலோ நிக்ரிசோலி. பவியாவில் வேதியியலாளர் ஜோர்ஜோ எர்ரேரா. பெருஜியாவில் ருஃபினியின் மகன் எதுவார்தோ. யாருக்கும் பொதுவான கட்சி இல்லை, பொதுவான மதம் இல்லை. முடியாட்சியை மதித்தவர்கள் இதில் உண்டு. கூட்டம் போட்டு முடிவெடுத்த குழுவும் இல்லை.

வயதானவர்கள், இழக்க எதுவும் இல்லாதவர்கள், அதனால் துணிந்தார்கள் என்று எளிதாகத் தள்ளிவிடச் சிலருக்குத் தோன்றும். முக்கால்வாசி உண்மைதான். வோல்டெராவுக்கு 71. நிக்ரிசோலிக்கு அதைவிட அதிகம். ஆனால் வெந்தூரியும் லெவி தெல்லா வீதாவும் நாற்பதுகளின் நடுவில் இருந்தார்கள், வாழ்வின் முக்கிய வேலைகள் இன்னும் பாக்கியிருந்த வயதில். எதுவார்தோவுக்கு முப்பது. அப்போதுதான் பேராசிரியர் வாழ்க்கையைத் தொடங்கியிருந்த ஒருவர்.

வயதைவிடத் தொழில்தான் இதில் கவனிக்க வேண்டியது என்பேன். கணிதருக்குத் தாளும் பென்சிலும் இருந்தால் வீட்டிலேயே வேலை நடக்கும். வேலையை விட்டாலும் வேலை அவரை விட்டுப் போகாது. முதல் உலகப் போரின்போது அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்ததும் இரையைவிட வேட்டையாடும் மீன்கள் ஏன் பெருகின என்று விலங்கியலாளரான மருமகன் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு, அறுபத்தைந்து வயதில் சமன்பாடு எழுதியவர் வோல்டெரா. இன்றும் உயிரியல் மாணவர்கள் அவர் பெயரில் அதைப் படிக்கிறார்கள். அப்படிப்பட்டவரின் அறையைப் பறிக்கலாம், தொழிலைப் பறிக்க முடியாது. அறுவை மருத்துவரின் கதை வேறு. கத்தி பிடிக்க அறை வேண்டும், மயக்கம் கொடுக்க ஆள் வேண்டும், மேசை மேல் நோயாளி வேண்டும். நிக்ரிசோலி கையெழுத்து மறுத்தபோது பல்கலைக்கழகத்தில் கையில் இருந்த தொழிற்கூடத்தையே விட்டுக்கொடுத்தார். வேதியியலாளருக்கு ஆய்வகம், சட்ட மருத்துவருக்குப் பிணவறை. அரபு அறிஞருக்குச் சுவடிகள் வேண்டும், சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன, நூலகம் அரசிடம் இருக்கிறது. லெவி தெல்லா வீதாவுக்கு அன்று முசோலினியின் எல்லைக்கு வெளியே ரோமுக்குள்ளேயே ஒரு நூலகம் இருந்தது. வத்திக்கான் நூலகத்தில் அரபுச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரிக்கும் வேலை கிடைத்தது. கையெழுத்திடலாம் என்று ஊருக்குச் சொன்ன அதே வத்திக்கான், கையெழுத்திடாத ஒரு யூத அறிஞருக்குச் சோறு போட்டது. அமைப்புகள் இப்படித்தான், ஒரு கதவை அடைக்கும் கையே இன்னொன்றைத் திறந்துவிடும். நிறுவனத்தைப் பற்றி ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்கு எப்போதும் தயக்கம் வருவது இதனால்தான்.

வோல்டெராவின் பதில் கடிதம் இரண்டே வாக்கியம். அவர் செனட் உறுப்பினரும்கூட. தன் அரசியல் கருத்துகள் நாடாளுமன்றத்தில் தான் நடந்துகொண்ட விதத்திலிருந்தே தெரிந்தவை, அந்த நடத்தையைச் சாசனத்தின் 51-ஆவது பிரிவு பாதுகாக்கிறது, ஆகவே நீங்கள் அழைத்தபடி உறுதிமொழி எடுக்க மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை என்பதை மேன்மை தங்கிய தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்ற அளவில் முடித்துவிட்டார். வசை இல்லை, முழக்கம் இல்லை. ரெக்டரை ‘மேன்மை தங்கிய’ என்றே விளித்திருக்கிறார். மார்ட்டினெட்டியும் அதே நிதானத்தில் எழுதினார். தன் ஆசிரியப் பணியை மனச்சாட்சி ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டு செய்துவந்ததாகவும், அதை வேறெதற்கும் கீழ்ப்படுத்த ஒருபோதும் எண்ணியதில்லை என்றும் சொல்லி, பியெமோந்தேயில் இருந்த பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே எழுதிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பு என்றால் மேடை வேண்டும், குரல் உயர வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். அலுவலகத்தில் மேடை கிடையாது. அங்கே எதிர்ப்பு பெரும்பாலும் ஒரு விண்ணப்பப் படிவத்தின் அளவில்தான் வருகிறது. அதனாலேயே அது கஷ்டமானது. தெருவில் கொடி பிடிப்பவனோடு நூறு பேர் இருக்கிறார்கள். தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் தனியாக நிற்கிறான். மறுத்தாலும் அவன் வீட்டாருக்கும் இரண்டு மூன்று சக ஊழியர்களுக்கும் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்திரிகைகள் ஆட்சியின் கையில் இருந்ததால் இந்த 12 பேரின் பெயரும் இத்தாலியில் பெரிதாகப் பேசப்படவில்லை. அதே ஆண்டு மே மாதம் பொலோஞாவில் இசை நடத்துநர் டோஸ்கனினி பாசிசக் கட்சிப் பாட்டை வாசிக்க மறுத்ததற்காக அரங்க வாசலில் கட்சிக்காரர்கள் அவரை முகத்தில் அறைந்தார்கள். அந்தச் செய்தி உலகம் சுற்றியது. அறை வாங்கியவருக்குச் சாட்சிகள் இருந்தார்கள். எர்ரேராவுக்கு பவியாவில் ஒரு தபால் முத்திரை இருந்தது.

தமிழ்நாட்டில் கல்லூரிப் பணியில் இருந்தவர்களுக்குச் சுற்றறிக்கை நோட்டு தெரிந்திருக்கும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அட்டெண்டர் கதவருகே வந்து நிற்பார். கையில் நீளமான நோட்டு, உள்ளே ஒட்டிய ஒரு தாள், பக்கத்தில் பெயர்ப்பட்டியல். ஒரு கையில் சாக்பீஸோடு மறுகையால் வாங்கி, உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மேலே பதினைந்து பெயர்களுக்கு நேரே ஏற்கெனவே கையெழுத்து இருக்கும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அந்தப் பதினைந்து கையெழுத்துகள்தான் முதலில் கண்ணில் படும். நான் வேலை பார்த்த இடமொன்றில் நிர்வாகத்தின் கொள்கை நிலைப்பாடு ஒன்றை ஆசிரியர்கள் அனைவரும் ஒருமனதாக வரவேற்பதாக ஒரு தீர்மானம் இப்படித்தான் நோட்டில் வந்தது. எதைப் பற்றிய தீர்மானம் என்பது இங்கே தேவையில்லை. கூட்டம் எதுவும் நடக்கவில்லை, ஒருமனது மட்டும் எழுதப்பட்டிருந்தது. எங்கள் துறையில் ஓர் அம்மா, ஓய்வுக்கு இன்னும் வெகுகாலம் இருந்தவர், தாளைக் கடைசி வரி வரை படித்தார். “கையெழுத்து மட்டும் போடுங்க மேடம், நான் அடுத்த பிளாக்குக்குப் போகணும்” என்றார் அட்டெண்டர். “போடறேன்ப்பா, ஒரு நிமிஷம்” என்று சொல்லி, தன் பெயருக்கு நேரே ‘படித்தேன், உடன்பாடில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பலகை பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

மறுநாள் மதியம் ஓய்வறையில் இரண்டு பேர் தனித்தனியாக அவரிடம் வந்து, “நானும் அப்படித்தான் மேடம் நெனச்சேன்” என்றார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. ஒரே மேசையில் பல வருடமாகச் சாப்பாட்டு டப்பா திறந்தவர்கள். பக்கத்தில் இருப்பவர் தீர்மானத்தை நிஜமாகவே ஆதரிக்கிறார் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியின் 1,200 கையெழுத்துகளுக்குள்ளும் இந்த மதிய ஓய்வறை இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். எதிர் அறைக்காரர் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளும் ஒரே வழியை அந்தத் தாள் அடைத்துவிட்டது. கையெழுத்துக்குப் பிறகு எல்லோரும் எல்லோருக்கும் பாசிஸ்ட்.

கட்டாயம் ஒருமுறையோடு நின்றதா? நிற்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் அரசு வேலைக்குக் கட்சி உறுப்பினர் அட்டை வேண்டும் என்றாயிற்று. மக்கள் அதை ‘ரொட்டி அட்டை’ என்றார்கள். 1934-இல் அறிவியல் கழகங்களுக்கும் உறுதிமொழி வந்தது. அப்போதும் மறுத்த வோல்டெரா, தான் ஒரு காலத்தில் தலைமை தாங்கிய லின்ச்சேய் அகாதமியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்.

பிறகு 1938. அந்த ஆண்டின் கோடை முடிவில் பேராசிரியர்களின் மேசைக்கு இன்னொரு தாள் வந்தது. நீ யூத இனத்தவனா, உன் தந்தை யார், தாய் யார், நிரப்பித் திருப்பி அனுப்பு. நிரப்பினார்கள். செப்டம்பரில் வந்த ஆணையின்படி யூதர்கள் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். 1931-இல் பாசிச ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்த லெவி-சிவிதாவும் நீக்கப்பட்டார். சத்தியம் ஒரு பக்கத்தை மட்டுமே கட்டியது. மூன்று ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

இத்தாலியக் கணிதத்துக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று கணிதர்களுக்குத் தெரியாதா? அந்த டிசம்பரில் இத்தாலியக் கணிதச் சங்கத்தின் அறிவியல் குழு கூடியது. இத்தாலியக் கணிதம் ஏறக்குறைய முழுவதும் ஆரிய இனத்தவர் படைத்தது, சிலர் நீக்கப்பட்ட பிறகும் போதிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று பதிவு செய்தது. கூடவே ஒரு கோரிக்கை: காலியான கணிதப் பேராசிரியர் இடங்களில் ஒன்றைக்கூட வேறு துறைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

இந்தத் தீர்மானத்தை நான் பலமுறை திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். இதை எழுதியவர்கள் கொடூரர்கள் இல்லை. தங்கள் துறையைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் சொல்லப்பட்ட காரணம் அதே காரணம்தானே, நாற்காலியைக் காப்பாற்று, வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. அன்று பாசிஸ்டுகளிடமிருந்து காப்பாற்ற நினைத்த நாற்காலியை இன்று பக்கத்துத் துறைக்காரர்களிடமிருந்து காப்பாற்றுகிறார்கள், அதில் நேற்று வரை உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். 1931-இன் தாள் 1938-ஐ நேரடியாக உண்டாக்கிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு பொய்யான வரிக்குக் கையெழுத்திட்டுப் பழகிய ஓர் ஆசிரியர் சமூகத்துக்கு, அடுத்த வரி வரும்போது எந்த இடத்தில் நிறுத்துவது என்பது தெரியாமல் போகிறது. அந்த இடத்தைக் காட்ட முடிந்த 12 பேரும் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார்கள். சிலர் மண்ணுக்குள்ளும். கராரா 1936-இல் கைதாகி அடுத்த ஆண்டே இறந்தார்.

1938-இல் மறுத்தவர்கள் மிகச் சிலர். முசோலினியின் அகாதமியில் உறுப்பினராக இருந்த எழுத்தாளர் மாசிமோ பொந்தெம்பெல்லிக்கு, யூதர் என்பதால் நீக்கப்பட்ட அத்திலியோ மோமிலியானோவின் ஃபுளோரன்ஸ் பேராசிரியர் பதவியைக் கொடுத்தபோது அவர் வேண்டாம் என்றார். ஆட்சியோடு அத்தனை ஆண்டுகள் ஒட்டி உறவாடியவருக்கும் அடுத்தவன் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. ஒருமுறை தலைகுனிந்தவன் நிமிரவே முடியாது என்று யாராவது சொன்னால் இவரைச் சுட்டிக்காட்டலாம். குரோச்சேயும் இனத்தைக் கேட்ட அந்தப் படிவம் தன்னிடம் வந்தபோது நிரப்ப மறுத்து எழுதினார். 1931-இல் ஐனாவ்திக்குச் சொன்ன யோசனையை அப்போது அவர் எப்படி நினைத்துப் பார்த்தாரோ.

உள்ளே இருந்து போராடுவேன் என்று கையெழுத்திட்டவர்களில் சொன்னதைச் செய்து காட்டியவரும் உண்டு, அவரை விட்டுவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். மார்க்கேசி 1943-இல் படுவா பல்கலைக்கழக ரெக்டர் ஆனார். செப்டம்பரில் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தது. அந்த நவம்பரில் அவர் கல்வியாண்டைத் தொடங்கிவைத்துப் பேசினார், சில வாரங்களில் பதவி விலகினார், மாணவர்களை ஆக்கிரமிப்புக்கு எதிராக எழச்சொல்லி அறைகூவல் வெளியிட்டுவிட்டுத் தலைமறைவானார். போருக்குப் பின் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே வீரத்துக்கான தங்கப் பதக்கம் கிடைத்தது. 1931-இல் அவர் கேட்டு வாங்கிய கடனை 1943-இல் வட்டியோடு திருப்பிக் கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரிடமும் அதே கடன் இருந்தது.

நம் பக்கத்திலும் இந்தத் தாள் வந்திருக்கிறது. 1983 ஜூலை வன்செயல்களின் புகை அடங்குவதற்குள், ஆகஸ்டில், இலங்கை நாடாளுமன்றம் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. நாட்டுக்குள் தனிநாடு அமைவதை ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ மாட்டேன் என்ற சத்தியத்தை நாடாளுமன்ற உறுப்பினர்களோடு அரச ஊழியர்களும் சட்டத்தரணிகளும் எடுக்க வேண்டியதாயிற்று. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் எடுக்கவில்லை, ஆசனங்களை இழந்தார்கள். அது எல்லோரும் அறிந்த செய்தி. யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஓர் எழுதுவினைஞர் அந்தத் தாளின் முன் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. தனிநாடு வேண்டும் என்று எண்ணியவரோ வேண்டாம் என்று எண்ணியவரோ, இனக்கலவரத்தில் உறவினரைப் பறிகொடுத்த அடுத்த மாதமே தன் விசுவாசத்தை நிரூபிக்கச் சொல்லப்பட்டார். கட்சி மறுக்கும்போது சேர்ந்து மறுக்கிறது. எழுதுவினைஞருக்கு அந்தச் சேர்க்கை இல்லை, மாதச் சம்பளமும் வீட்டில் எண்ணிப் பார்க்கிற வாய்களும்தான் இருக்கின்றன.

இதனால்தான் கலிபோர்னியாவில் எட்வர்ட் டோல்மன் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கிறது. 1949-இல் அங்கே கம்யூனிஸ்ட் அல்ல என்று சத்தியம் கேட்டது பல்கலைக்கழகம். உளவியல் பேராசிரியரான டோல்மன் மறுத்தார், ஆனால் குடும்பமும் கடனும் உள்ள இளையவர்களிடம், நீங்கள் கையெழுத்திட்டுவிடுங்கள், போராட்டத்தைத் தாங்கக்கூடிய எங்களிடம் விடுங்கள் என்றார். குரோச்சே சொன்னதும் கையெழுத்திடு என்பதுதான். டோல்மன் அதோடு தன் வேலையையும் வைத்தார். 1950-இல் 31 பேர் பணி நீக்கம் செய்யப்பட்டார்கள். 1952-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கே வழக்குப் போட ஒரு நீதிமன்றம் இருந்தது என்பது பெரிய வித்தியாசம். ஆனால் வழக்குப் போட ஆள் இருந்ததால்தான் நீதிமன்றம் பயன்பட்டது. மூத்தவர்கள் இப்படி முன்னால் நின்றால் பணியிடத்தில் வாய் திறப்பது ஒரு தனிமனிதனின் சாகசமாக மீந்துவிடாது. பதவி உயர்வு முடிந்தவர்கள், ஓய்வூதியம் உறுதியானவர்கள், பெயர் நிலைத்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அவர்கள் ஒதுங்கிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த பையனிடமிருந்து துணிச்சலை எதிர்பார்ப்பது அநியாயம்.

இத்தாலியப் பேராசிரியர்களிடம் உறுதிமொழி கேட்கப்பட்டபோது ஐன்ஸ்டைன் இத்தாலிய நீதி அமைச்சர் ரொக்கோவுக்குக் கடிதம் எழுதி, அறிவாளிகளை இந்த அவமானத்துக்கு உள்ளாக்காமல் இருக்க ஆட்சித் தலைவரிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. வெளியிலிருந்து வருகிற கடிதங்களுக்கு ஒரு மதிப்பு உண்டு, ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவை பதிலாக முடியாது.

1940 அக்டோபரில் வோல்டெரா ரோமில் இறந்தபோது, அவரை நினைவுகூர்ந்து பேச நாட்டின் எந்த அறிவியல் கழகமும் முன்வரவில்லை. போப்பின் அறிவியல் அகாதமி மட்டும் பிறகு ஒரு நினைவுரை நடத்தியது. பாசிசம் வீழ்ந்த பிறகு 12 பேரில் உயிரோடிருந்தவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். தெ சாங்டிஸுக்கு அப்போது பார்வை போயிருந்தது. 1950-இல் குடியரசுத் தலைவர் அவரை ஆயுட்கால செனட்டராக நியமித்தார். அந்தக் குடியரசுத் தலைவர் லூயிஜி ஐனாவ்தி. கையெழுத்திட்டவர் கையெழுத்திடாதவருக்குச் செய்த மரியாதை அது, அதில் ஐனாவ்தியின் பெருந்தன்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

புவோனயூட்டியை மட்டும் மீண்டும் வகுப்பறைக்குள் விடவில்லை. திருச்சபையின் விலக்குக்கு ஆளான பாதிரியார் கற்பிக்கும் பணியிலோ பொதுமக்களோடு நேரடித் தொடர்புள்ள வேலையிலோ இருக்கக் கூடாது என்று 1929-இல் முசோலினி வத்திக்கானோடு செய்துகொண்ட உடன்படிக்கை சொன்னது. முசோலினி போன பிறகும் உடன்படிக்கை நின்றது. பாசிச ஆட்சியின் தாளில் கையெழுத்திட மறுத்தவரை, பாசிசத்தை எதிர்த்து வந்த புதிய அரசு, அந்த ஆட்சியின் இன்னொரு தாளைக் காட்டி வெளியே நிறுத்தியது. 1946-இல் அவர் இறந்தார், வகுப்பறைக்குத் திரும்பாமலே.